அட்டை போடும் அப்பா

கத்திரி வெயில் முடிந்தது என்று பஞ்சாங்கம் சொன்னாலும் வெக்கை தணியாத ஒரு மே மாதக் கடைசி ராத்திரியில், தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தில் ஓர் அப்பா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவார். தாள் பறக்கிறதாம். குடும்பம் மொத்தமும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருக்க, நடுவில் பாய் விரித்து, பனியனோடு சம்மணம் போட்டு அவர் உட்கார்ந்திருக்கும் தோரணைக்கு ஒரு ஹோமகுண்டம்தான் குறைச்சல். வலப்பக்கம் பிரவுன் ஷீட் சுருள், இடப்பக்கம் நோட்டுக் கட்டு, எதிரில் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், செல்லோடேப், லேபிள். பிள்ளை எந்த செக்‌ஷன் என்று யாராவது கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்க்கிறவர் இவர். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் வகுப்பறையைக் கண்டுபிடிக்க வாட்ச்மேன் கூட வரவேண்டும். ஆனாலும் இந்த ஒரு ராத்திரி மட்டும் அந்த வீட்டின் கல்வி இலாகா முழுக்க அவர் கையில். இவரைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். அதைவிட, இவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று யோசித்தால் சுவாரசியமாக இருக்கும். என் கட்சி இதுதான்: அந்த அட்டைக்கும் புத்தகத்தைப் பாதுகாப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. பிள்ளையின் படிப்பில் ஓர் அப்பாவால் ஆரம்பித்து முடிக்கக்கூடிய வேலை அது ஒன்றுதான். அதனால் போடுகிறார்.

ஒருகாலத்தில் அட்டைக்குப் பொருளாதாரக் காரணம் இருந்தது உண்மை. அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு வரவேண்டும். தம்பி இல்லாவிட்டால் பக்கத்துத் தெருப் பிள்ளைக்குப் பாதி விலைக்குப் போகவேண்டும். பழைய புத்தகச் சந்தையில் முனை மழுங்காத புத்தகத்துக்குத் தனி மதிப்பு. பிரவுன் ஷீட்டுக்குக் காசு கொடுக்க மனம் வராதவர்கள் சிவகாசியில் அச்சான மாதக் காலண்டரைக் கிழித்துப் போட்டார்கள். படத்தில் முருகன் இருந்தால் அவர் உள்பக்கம் போய்விடுவார், வெள்ளைப் பக்கம்தான் வெளியே. அறிவியல் பாடத்தை ஆண்டு முழுக்க முதுகோடு ஒட்டிக்கொண்டு கவனித்த ஒரே மாணவர் அவராகத்தான் இருப்பார். இப்படி ஒரு புத்தகம் மூன்று வருஷம், மூன்று பிள்ளைகள் என்று உழைத்த நாளில் அட்டை என்பது காப்பீடு. ஆனால் 2012-13இல் முப்பருவ முறை வந்தது. எட்டாம் வகுப்பு வரை ஓராண்டுப் பாடத்தை மூன்று துண்டாக்கினார்கள். ஜூனில் வந்த புத்தகத்துக்குக் காலாண்டுத் தேர்வோடு ஆயுள் முடிந்தது. உள்ளே இருப்பது நாலு மாதம்கூட உழைக்காது, மேலே போட்ட அட்டை நாலு வருஷம் தாங்கும். நியாயமாக அந்த வருஷமே அப்பாக்கள் ஸ்டேப்ளரைக் கீழே வைத்திருக்கவேண்டும். வைத்தார்களா? இன்னொரு சாட்சி 2020. அந்த ஜூனில் பள்ளிக்கூடமே திறக்கவில்லை. பாடம் செல்போனிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் நடந்தது. புத்தகம் பைக்குள் போகப்போவதில்லை, மழையில் நனையப்போவதில்லை, சாம்பார் டப்பாவோடு உரசப்போவதில்லை. மேசையை விட்டு இறங்காத அந்தப் புத்தகத்துக்கும் அட்டை போட்ட வீடுகள் எத்தனையோ. புத்தகத்துக்கு ஆபத்தே இல்லாத வருஷத்திலும் காவல் போடுகிறவரிடம் போய் இது பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

வேலை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஷீட்டின் பளபளப்பான பக்கம் தரையைப் பார்க்கவேண்டும். அதன்மேல் புத்தகத்தைத் திறந்து வைத்து, நான்கு பக்கமும் இரண்டு விரற்கடை விட்டு அறுக்கவேண்டும். புத்தகத்தின் முதுகு வருகிற இடத்தில் மேலும் கீழும் ஒரு சின்ன முக்கோணம் வெட்டி, அந்த நாக்கை உள்ளே மடித்துச் செருகவேண்டும். வித்தையே இங்கேதான் இருக்கிறது. இதைத் தெரியாதவர் போட்ட அட்டை ஜூலையில் முதுகில் கிழியும். பிறகு மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு. அந்த 'சர்ர்' சத்தத்தில் அவர் முகத்தில் வருகிற திருப்தியைச் சம்பள உயர்வு நாளில்கூடப் பார்க்க முடியாது. ஸ்டேப்ளர் பின்னின் கால்கள் உள்ளே இருக்கவேண்டுமா வெளியே இருக்கவேண்டுமா என்பது தீராத வழக்கு: வெளியே என்றால் குழந்தை கையைக் கிழிக்கும், உள்ளே என்றால் முதல் பக்கத்தைக் கிழிக்கும். ஒவ்வொரு பின்னின் மேலும் செல்லோடேப் ஒட்டி வழக்கைத் தள்ளிவைப்பார். நடுவில் உள்ளேயிருந்து, "என்னங்க, அது துணி வெட்டுற கத்தரி, அதை எடுத்து பேப்பரை வெட்டுறீங்களே!" என்று ஒரு குரல் வரும். விழாது. இவ்வளவுக்கும் புத்தகத்தின் சொந்தக்காரருக்கு அங்கே என்ன வேலை? "ஸ்கேலை எடு." "அதைத் தொடாதே, கசங்கும்." "தூக்கம் வந்தா போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்." புதிய வகுப்புக்குத் தயாராகவேண்டிய ஜீவன் எட்டு மணிக்கே படுக்கைக்கு அனுப்பப்பட்டு, அப்பா மட்டும் பதினொன்றரை வரை தயாராகிக்கொண்டிருப்பார்.

அப்புறம் லேபிள். பொறியியல் கல்லூரியில் வரைபடத்துக்கு எழுதிப் பழகிய அச்சு எழுத்தை, அதற்கப்புறம் எங்கும் உபயோகப்படாத அந்த எழுத்தை, இங்கே இறக்குவார். மாணவர் பெயரை முன்னெழுத்தோடு சேர்த்துத் தமிழிலேயே எழுதவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்ததில் இவருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். இருபது வருஷமாக ஆங்கில 'எஸ்' போட்டவர் 'செ'யா 'ச'வா 'ஸ்'ஸா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். 12 நோட்டு, 5 புத்தகம் என்றால் 17 லேபிள். பதினேழிலும் முதலில் நிற்பது அவருடைய எழுத்து, அப்புறம்தான் பிள்ளை.

புத்தகத்தின் வெளிப்பக்கத்தில் இவ்வளவு அதிகாரம் செலுத்துகிறவர் உள்பக்கத்தில் நுழைய முடியாது என்பதுதான் இந்தக் கதையின் மறுபாதி. 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு வந்தது. காய்கறிக்காரருக்குப் பணம் கொடுக்க அதை ஸ்கேன் செய்யத் தெரிந்தவர், ஒளிச்சேர்க்கையைப் பார்க்க ஸ்கேன் செய்யவேண்டும் என்றால் மிரண்டுபோகிறார். ஒருநாள் தைரியமாகக் கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லித்தர உட்கார்ந்தால், "எங்க மிஸ் இப்படிச் சொல்லித்தரல" என்று ஒரே வரியில் தள்ளுபடி. விடை சரிதான், வழி தப்பாம். பாடத்திட்டம் மாறியிருக்கிறது, தேர்வு முறை மாறியிருக்கிறது, அவர் படித்த நாளில் ஒன்பது என்று சொல்லித்தந்த கோள்கள்கூட 2006இல் எட்டாகிவிட்டன. எதைத் தொட்டாலும் பழசாகிப்போன ஒரு மனிதருக்கு மாறாமல் காத்திருக்கிற ஒரே பாடம் அட்டை போடுதல். தன் அப்பா மடித்த அதே மடிப்பு. அதற்கு மட்டும் எந்த அரசும் புதிய பாடத்திட்டம் கொண்டுவரவில்லை.

பள்ளிக்கூடமே பிரவுன் அட்டை போட்டுத்தான் வரச்சொல்கிறது, அப்பா என்ன செய்வார் என்று கேட்கலாம். கேட்கத்தான் கேட்கிறது. ஆனால் பதினேழு அட்டையிலும் லேபிள் வலது ஓரத்திலிருந்து ஒரே அளவு தள்ளி இருக்கவேண்டும் என்று எந்தப் பள்ளியின் சுற்றறிக்கையும் சொன்னதில்லை. கடையில் அளவெடுத்துத் தைத்த மாதிரி பிளாஸ்டிக் உறை கிடைக்கிறதே, மாட்டினால் இரண்டு நிமிஷம் என்று இன்னொரு யோசனை. அதைச் சொன்னவரை அவர் பார்க்கும் பார்வை, கல்யாண வீட்டில் இன்ஸ்டண்ட் ரசம் வைக்கலாமே என்று சொன்னவரைச் சமையல்காரர் பார்ப்பது போல இருக்கும். வேலை சீக்கிரம் முடிவதா அவருக்கு முக்கியம்? ஆனால் அதே பிளாஸ்டிக்கை அட்டைக்கு மேல் இன்னொரு சுற்றாகப் போடுவதில் ஆட்சேபணை இல்லை. 2023இல் பள்ளி திறப்பு ஜூன் 1 என்றார்கள். வெயிலைப் பார்த்து 7 என்றார்கள். கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு 12, தொடக்க வகுப்புகளுக்கு 14 என்று ஆயிற்று. அட்டை எல்லாம் முடித்துவிட்ட மனிதர் இரண்டு வாரம் சும்மா இருப்பாரா? பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020இல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொல்லியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கில் அப்பாவின் பங்கு எவ்வளவு என்று தனியாக நிறுத்துப் பார்த்தால் தேவலை. அரசுப் பள்ளிகளில் இந்த ராத்திரியே கிடையாது. புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் பள்ளியிலேயே வருகிறது. அட்டை வேண்டுமென்றால் பெரும்பாலும் அக்காக்காரி செய்தித்தாளைக் கிழித்துப் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுவாள். அவளுக்கு மின்விசிறியை நிறுத்தத் தேவைப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு, அது சமையலறையிலிருந்து வரும். உண்மையான தயாரிப்பெல்லாம் வேறு இடத்தில் அல்லவா நடக்கிறது? போன வருஷத்து யூனிஃபார்ம் பேண்ட்டின் மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கியது யார்? வளர்கிற பிள்ளை என்று ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி முனையில் பஞ்சு வைத்தது யார்? இரண்டு மாதமாக எட்டரைக்கு எழுந்து பழகிய உடம்பை நாளுக்குப் பத்து நிமிஷமாக முன்னே தள்ளி ஆறரைக்குக் கொண்டுவந்தது, ஆட்டோக்காரரிடம் பேசி முடித்தது, முடி வெட்டக் கூட்டிப்போனது, தண்ணீர் பாட்டில் ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்தது? எல்லாம் அம்மா. மறுக்க இடமே இல்லை. ஆனால் இது என் கட்சிக்கு எதிரான சாட்சி அல்ல, இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. அம்மாவின் வேலை எதுவும் முடிவதில்லை; நாளைக்கும் ஆறரைக்கு எழுப்பவேண்டும், மறுநாளும் டப்பா கட்டவேண்டும். முடிந்துபோகிற, அடுக்கி வைத்து எண்ணக்கூடிய, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடக்கூடிய ஒரே வேலை எதுவோ, அதை அவர் சரியாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். சித்தப்பா கட்டைவிரல் காட்டுவார். பெரியம்மா "பொறுப்பான அப்பா" என்று எழுதுவார்.

இதையும் நம்ப மனமில்லாதவர்கள் அக்டோபர் வரை பொறுக்கலாம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது இரண்டாம் பருவப் புத்தகங்கள் வரும். அதே பை, அதே சாம்பார் டப்பா, போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை வேறு. புத்தகத்துக்கு அட்டை தேவைப்படுகிற காலம் ஒன்று உண்டென்றால் அதுதான். அந்தப் புத்தகங்கள் வந்துவிட்டனவா என்று அவருக்குத் தெரியாது. பீரோ மேல் சுருட்டி வைத்த மிச்ச பிரவுன் ஷீட்டும் அங்கே இல்லை. சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்கு அடியில் விரித்திருக்கிறது. ஓரங்களைக்கூட யாரோ அழகாக மடித்து விட்டிருக்கிறார்கள்.