மூச்சைப் பாக்கப் போற பேராண்டிக்கு

ஏங்கண்ணு, ராத்திரி ஒரு மணிக்கு உன் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுதே? மனசை அடக்கற படம் பாத்தியாமா! நல்லா அடக்குன போ. பக்கத்துக் கட்டல்ல படுத்திருந்த எனக்குந்தான் தூக்கம் போச்சு.

நானும் எட்டிப் பாத்தேன். திகார் ஜெயிலு. கிரண் பேடியம்மா அங்க அதிகாரியா இருந்தப்ப, 1994ல ஆயிரம் கைதிக்கு மேல ஒன்னா உக்காந்து பத்து நாள் விபாசனா தியானம் பண்ணியிருக்கறாங்க. இஸ்ரேல் பொம்பளைங்க ரெண்டு பேரு எடுத்த படம், 1997ல வந்துதாம். பொய்யின்னு சொல்ல மாட்டேன்.

ஆனா நீ ஒன்னைக் கவனிச்சியா சாமி? அந்த விபாசனா முகாமுல வெடியால நாலு மணிக்கு மணி அடிப்பாங்க. போனை வாங்கி வெச்சுக்குவாங்க. மொத மூணு நாளு மூக்குல மூச்சு போறதையும் வாரதையும் பாக்கறதே வேலை. புதுசா போறவனுக்குப் பொழுதோட டீயும் பழமுந்தான், சோறு கெடையாது. நீ ஒம்பது மணிக்கு எந்திரிச்சு இட்லி ஆறிப்போச்சுன்னு ஊட்டையே ரெண்டு பண்றவன்!

இந்த விபாசனாவை இந்தியா பூராம் பரப்புன கோயங்கா பர்மாவுல பெரிய வியாபாரி. ஒத்தைத் தலைவலி தாங்காம 1955ல விபாசனா வாத்தியாரு ஊ பா கின்கிட்டப் போனாரு. வெறும் தலைவலிக்குன்னா ஆஸ்பத்திரிக்குப் போய்யான்னு அந்த வாத்தியாரு மொதல்ல திருப்பி அனுப்பப் பாத்தாராம். இன்னைக்கும் மனசு சீக்கு கடுமையா இருக்கறவங்க வர வேண்டாம், இது வைத்தியத்துக்குப் பதிலு இல்லீன்னுதான் முகாமுக்காரங்க சொல்றாங்க. காசு வாங்காம சொல்லிக் குடுக்கறவங்களே வேண்டாங்கறாங்க. நீயானா டாக்டரு குடுத்த மாத்திரையை அலமாரியில போட்டுட்டு, கொல்லிமலை கோரக்கர் குகையில போயி உக்காரப் போறேங்கற.

மலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்குது. பிரேக்கு புடிக்காத லாரியை அதுல எறக்கறவனைப் பாத்து, கண்ணை மூடி மூச்சைப் பாருன்னா சொல்லுவோம்? பட்டறைக்கு ஓட்டுடாம்போம்.

போக வேண்டாங்கல. நாமக்கல் டாக்டரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. நடுராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சா மனசுக் கொறைக்கு ஒதவற 14416 நம்பருக்குப் போன் போடு, காசில்லாம தமிழ்லயே பேசறாங்க.

ஆனா ஒன்னு. விபாசனா முகாமுல ஒம்பது நாளு கூட இருக்கறவங்ககிட்ட வாயே தொறக்கக் கூடாதுங்கற சேதியை உங்க அப்பத்தா காதுல போட்றாத. உனக்கு முன்னால என்னைய பஸ் ஏத்தி உட்டுருவா.