ஜாபிதா மூப்பர்

திருநெல்வேலிச் சீமையின் சேகரங்களில், ஐயர் என்று அழைக்கப்படும் குருவானவர், உபதேசியார், கோயில்பிள்ளை ஆகியோருக்கு அப்பால், நியமனப் பத்திரம் ஏதுமின்றித் தாமாகவே உற்பத்தியாகிவிடும் பதவியஸ்தர் ஒருவர் உண்டு. ரெவினியூ இலாகாவிலோ பள்ளிக்கூடத்திலோ உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, ஓய்ந்திருக்க மட்டும் மனமில்லாமல், சபையின் சகல ஊழியங்களுக்கும் எளிதான, எவரும் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு கிரமத்தை ஏற்படுத்தியே தீருவதென்று சங்கற்பம் செய்துகொண்டவர் அவர். மூப்பர் என்று முகத்துக்கு நேரேயும், ஜாபிதா மூப்பர் என்று முதுகுக்குப் பின்னேயும் ஜனங்கள் அவரை அழைப்பார்கள்.

அவருடைய மூலக்கொள்கையில் குற்றம் காண ஒருவராலும் ஆகாது. ஐயர் மாற்றலாகிப் போனாலும் வியாதியஸ்தரைச் சந்திப்பது நிற்கலாகாது என்பார்; நியாயந்தானே! 1742-ல் பிரிஸ்டல் பட்டணத்தில், ஆராதனைக் கூடத்தின் கடனைத் தீர்க்க வழி தேடியபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று தோன்றிய சிறு ஏற்பாடே, காசு வாங்கப் போனவர் அந்தந்த வீட்டு ஆத்தும நிலைமையையும் விசாரித்து வரும் வகுப்பு முறையாகி, ஜான் வெஸ்லியின் இயக்கத்தைத் தாங்கி நின்றது என்று அவர் விவரிக்கையில், கமிட்டியில் உறங்குவதற்கென்றே வருகிற அங்கத்தினரும் விழித்துக்கொள்வார்.

உபத்திரவம் அதற்குப் பின்புதான் ஆரம்பமாகும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது எங்கள் பெண்களின் பழைய வழக்கம். இதைக் காட்டிலும் எளிய கிரமம் எது? ஆனால், பாட்டியின் பிடியும் பேத்தியின் பிடியும் ஒரே அளவாயிராது என்கிற பயங்கர உண்மையை மூப்பர் ஒருநாள் கண்டுபிடித்தார். உடனே, பிடிக்குப் பதிலாக ஆழாக்கும், கலயத்தின் கழுத்தில் வீட்டு இலக்கமும், அடுப்படிச் சுவரில் தேதிவாரியாகக் குறிக்க ஓர் அட்டையும், அட்டையைத் தணிக்கை செய்ய ஓர் உபகமிட்டியும் ஏற்பட்டன.

"கையால அள்ளுததுக்கு எதுக்குய்யா கணக்கு? ஆழாக்கைத் தேடுததுக்குள்ள ஒலை வத்திப் போயிரும்" என்றாள் ஒரு கிழவி.

அரிசி குறைந்தது. குறைவுக்குக் காரணம் அட்டையில் போதிய கலங்கள் இல்லாமையே என்று தீர்மானித்த மூப்பர், திருத்திய அட்டையை அச்சுக்கு அனுப்பினார். டிசம்பர் கீதபவனிக்கு வீட்டுக்கு ஏழு நிமிஷம் என்று அவர் வகுத்த அட்டவணை, முதல் தெரு நாயிடமும் இரண்டாம் தெருக் காப்பியிடமும் தோற்றுப் போனதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஆயினும் அவருடைய ஜாபிதாக்களில் ஒன்று இன்றளவும் செவ்வையாக நடந்துவருகிறது. விதவைகள், நோயாளிகள், வயோதிகர் ஆகியோரின் பெயர்களை ஒரே தாளில் எழுதி, யாரை எப்போது பார்த்தோம் என்று பென்சிலால் குறிப்பதற்கு மாத்திரம் இடம்விட்டிருந்தார். அத்தாளை எங்கேயோ வைத்து மறந்துவிட, அது கோயில்பிள்ளையின் கையில் அகப்பட்டது. அவர் அதை வெஸ்டிரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்து, ஞாயிறுதோறும் ஐயர் அங்கி தரிக்கையில் குறி விழாத பெயரைச் சுட்டிக்காட்டுகிறார். அதனால் சந்திப்பாரற்றுக் கிடப்பவர் எங்கள் சபையில் இப்பொழுது ஒருவருமில்லை. மூப்பர் கண்ணில் அது படாததால் திருத்தப்படவுமில்லை. கோயில்பிள்ளை அந்தக் கதவை மற்ற நேரமெல்லாம் திறந்தே, சுவரோடு சாத்தி வைத்திருப்பதன் சூக்ஷ்மம் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

மூப்பருக்கு மனப்பாடமான வேதபாகம் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம். காலைமுதல் மாலைவரை தனியொருவராக ஜனங்களை நியாயம் விசாரித்துத் தளர்ந்த மோசேக்கு, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்தும்படி மாமன் எத்திரோ யோசனை சொன்ன இடம் அது. கமிட்டி கூடும்போதெல்லாம் அதை வாசித்து, 26-ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். அதிகாரத்தில் 27 வசனங்கள் உண்டு. யோசனை சொல்லி முடித்த எத்திரோ தன் தேசத்துக்குத் திரும்பிப் போய்விட்டான் என்பது கடைசி வசனம். அடுத்த கமிட்டியில் அவர் வேதபுஸ்தகத்தைக் கையிலெடுத்தால், அதிகாரத்தை முழுவதும் வாசிக்கும்படி தயவுசெய்து யாராவது கேட்டுக்கொள்ளுங்கள்.