அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை

கதைக்கு ஆள் தேடி சார்லஸ் டிக்கன்ஸ் வெகுதூரம் அலையவில்லை. கடனுக்காக 1824-இல் மார்ஷல்சீ சிறைக்குப் போன அப்பா, மிக்காபர் ஆனார். அம்மா, வாய் ஓயாத திருமதி நிக்கிள்பி ஆனார். அந்த அம்மாவே ஒருமுறை மகனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இப்படியும் ஒரு பொம்பளை உலகத்தில் இருப்பாளா என்று கேட்டாராம்.

அக்கம்பக்கத்தார் அவ்வளவு அப்பாவிகள் இல்லை.

‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ தொடராக வந்துகொண்டிருந்தபோது, அதில் வரும் குள்ளப் பெண் மௌச்சர் தானேதான் என்று கண்டுகொண்டார், கால் ஆணி எடுக்கும் தொழில் செய்த ஒரு பெண்மணி. 1849 டிசம்பரில் புகார்க் கடிதம் பறந்தது. கெட்டவளாகப் போகவிருந்த மௌச்சர், அடுத்த முறை கதைக்குள் வரும்போது தங்கமானவளாகிவிட்டாள்.

நண்பர் லீ ஹன்ட்டுக்கு அந்த யோகம் இல்லை. ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் ஓசியிலேயே காலம் தள்ளும் ஸ்கிம்போல் அவர்தான் என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பாவனையைத்தான் எடுத்தேன், குணத்தை அல்ல என்று டிக்கன்ஸ் 1859-இல் அச்சில் விளக்கினார். ஹன்ட் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார்.