உப்பு ஊரில் ஒரு மார்கழி

தூத்துக்குடி என்றால் வெயிலும் உப்பும்தானே? அங்கே மழையில் நனைந்து நடுங்கினேன் என்கிறான் என் மருமகன். நம்பலாமா?
மருமகன் போனது எந்த மார்கழி? 2023 என்றால் நம்புங்கள். டிசம்பர் 17 காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டியது 95 செ.மீ. மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 65 செ.மீ.தான்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, ஏறக்குறைய 800 பயணிகளோடு. அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவர்களைச் சுற்றியும் வெள்ளம்தான்.

கடல் பக்கத்திலேயே இருந்தும் ஏன் சாதாரணமாக மழை இல்லை?
தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. நமக்கு வருவது காய்ந்த காற்று. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் பாலைவனம் போலச் செம்மணல் தேரி. மிச்சம் இருக்கிற நம்பிக்கை வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான். அது பொய்த்தாலும் கஷ்டம், மொத்தமாக வந்தாலும் கஷ்டம்.

மழை பெய்தால் உப்பளத் தொழிலாளிக்கு ஜாலியான விடுமுறைதானே?
கூலியில்லாத விடுமுறையை யார் கேட்டார்கள்? அந்த வெள்ளத்தில் குவித்து வைத்த உப்பும் கரைந்தது, பாத்தியும் சேறானது. சேற்றை வாரி, வரப்பு கட்டி, உப்பு விளையும்வரை வருமானம் கிடையாது. மழைக்காலத்துக்கு அரசு தரும் உதவித்தொகை 5,000 ரூபாய். மூன்று மாதத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதை உயர்த்தத்தான் வேண்டும்.