தலைவியின் வீட்டுக்காரர்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் மாலை மூன்று மணிக்கு. இரண்டே முக்காலுக்கே ஒரு புல்லட் வளாகத்துக்குள் நுழைந்து, தலைமையாசிரியை தன் ஸ்கூட்டிக்கென்று பிடித்து வைத்திருக்கும் வேப்பமர நிழலில் நிற்கிறது. இறங்குகிறவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பேனா, கையில் இரண்டு செல்போன். குழுவின் 24 உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாலும் கீழிருந்து மேலே படித்தாலும் இவர் பெயர் கிடைக்காது. பட்டியலின் தலையில் இருப்பது இவர் மனைவியின் பெயர். அந்த அம்மாள் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறார். பின் சீட்டில் மிக்சர் பொட்டலமும் தண்ணீர் பாட்டில் பெட்டியும் இருந்ததால் தலைவருக்கு வண்டியில் இடமில்லாமல் போய்விட்டது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கு மேல். பள்ளிக்கு ஒரு குழு. எல்லாக் குழுவிலும் இந்த மனிதர் இருக்கிறார் என்றால் அது அபாண்டம். தானே வந்து, தானே பேசி, தானே சண்டையும் போடும் தலைவிகள் நிறையப் பேர். ஆனாலும் தலைவியின் வீட்டுக்காரரை ஒருமுறைகூடச் சந்திக்காத தலைமையாசிரியர் யாராவது இருந்தால் அவர் புண்ணியம் செய்தவர்.

குழுவை உண்டாக்கியது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21ஆம் பிரிவு கறாராகச் சொல்கிறது: உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு. பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், மேம்பாட்டுத் திட்டம் போடுவதும், வந்த மானியம் எங்கே போனது என்று கவனிப்பதும் இவர்கள் வேலை. பல வருஷம் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் பதிவேட்டில்தான் கூடின. 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்கப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் கூட்டம் போட்டார்கள். அந்த ஆண்டே 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 24 ஆனது. பல ஊர்களில் படிக்கிற பிள்ளையின் தாய் தலைவர் நாற்காலிக்கு வந்தார். சட்டம் எழுதியவர்கள் எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஊராட்சியில் இந்தக் கூத்து பழையது. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. தலைவி பதவியில் இருக்க, கணவர் நிர்வாகம் பார்ப்பது வடக்கே அவ்வளவு சகஜம் என்பதால் 'சர்பஞ்ச் பதி' என்று அதற்குப் பெயரே உண்டு. இதை ஆராய மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023இல் தனியாக ஒரு குழுவையே அமைத்தது. அந்த ஆராய்ச்சி ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமரம் வரை வரவில்லை.

நம்மவருக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது எப்போதும் கட்சிக்காரர் யாருக்காவது போய்விடும். வார்டு உறுப்பினருக்கு நின்று தோற்றார். கூட்டுறவுச் சங்கத்தில் நிற்கலாம் என்றால் அந்தத் தேர்தல் நடக்கிறபோதுதானே நடக்கும்? இப்படி ஒரு பதவியும் கிட்டாமல் வெள்ளை வேட்டிகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்த நேரத்தில்தான், மனைவி ஒருநாள் பள்ளிக்குப் போய்விட்டுத் தலைவராகத் திரும்பி வந்தார். வீட்டுக்காரர் அன்றைக்கே விசிட்டிங் கார்டுக்குச் சொல்லிவிட்டார்.

மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். "அஞ்சு... இல்ல, ஆறுன்னு நெனைக்கிறேன். அதெல்லாம் அவங்க அம்மா பாத்துக்குவா."

ஊர் கூடிப் பள்ளியைத் தாங்குவது இங்கே புதிதில்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், மதிய உணவுக்கான பாத்திரம் என்று அவரவர் சக்திக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரின் தாத்தாவும் அந்தக் காலத்தில் ஒரு மேசை கொடுத்தாராம். அதை எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். தாத்தா மேசையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பேரன் பெயர்ப் பலகைக்கு அளவெடுத்துவிட்டு, அதை மாட்ட ஒரு கட்டடம் கிடைக்குமா என்று பார்க்கிறார்.

கூட்டம் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் தாய்மார்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்தவர்கள் இரண்டு பேர். தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்து, "இந்த வருஷம் நமக்கு மானியம் 25 ஆயிரம்" என்று ஆரம்பிக்கிறார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வரும் தொகை அவ்வளவுதான். அதில் பத்து சதவீதம் சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. மீதியில் சாக்பீஸ் முதல் ரிப்பேர் வரை எல்லாம்.

"டீச்சர், நான் ஒரு யோசனை சொல்றேன்" என்று வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார். "ரோட்டு மேல ஒரு வளைவு வெச்சிட்டா ஊருக்கே அடையாளம்."

"வளைவுக்கு 25 ஆயிரம் பத்தாதுங்களே."

"ஆரம்பிச்சிட்டா மீதி தானா வரும் டீச்சர். பூஜை மட்டும் போட்டுருவோம்."

வளைவுக்கு என்ன நிறம், எழுத்து வெண்கலமா பெயின்டா, மேலே சரஸ்வதியா புத்தகமா, கீழே யார் யார் பெயர் என்று முக்கால் மணி நேரம் போகிறது. பேசுவது பெரும்பாலும் ஒரே ஆள்தான். கட்டப்படாத வளைவில் தன் பெயர் இரண்டாம் வரியில் வர வேண்டும் என்று வார்டு உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவருகிறார்; முறைப்படி ஏற்கப்படுகிறது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ்ல தாழ்ப்பா இல்லீங்க. ரெண்டு ரெண்டா போவுதுங்க. ஒண்ணு உள்ள இருந்தா ஒண்ணு வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்குது. எம்பொண்ணு அதுக்குப் பயந்துக்கிட்டு காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குது."

"தாழ்ப்பாளெல்லாம் சின்ன விஷயம்மா. தீர்மானத்துல எழுதுற விஷயமா அது? பாத்துக்கலாம்." ஏழு விநாடியில் அந்தப் பொருள் முடிந்தது. அடுத்து மிக்சர்.

வீட்டுக்காரரின் பொற்காலம் 2022 ஜூன். அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களை அந்தந்தப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. மாதம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். அறிவிப்பு வந்த மறுநாள் காலை அவர் வீட்டுத் திண்ணையில் இருந்த கூட்டம் கிடா வெட்டுக்குக்கூடக் கூடியதில்லை. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, பி.எட். முடித்த மகளோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வந்து, "அண்ணே" என்றார். வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "கமிட்டில வெச்சிப் பேசுறேன்." கமிட்டி அப்போது உள்ளே இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆசை நிலைக்கவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று புதிய வழிகாட்டுதல் வந்தது; விண்ணப்பங்களும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயின. பங்காளி மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார். வாழைப்பழம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

குழுவின் தீர்மானங்களைச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று வந்த பிறகு இவருக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. பதிவில் தலைவரின் செல்போன் எண் என்ற இடத்தில் இருப்பது இவருடைய எண். ஒருமுறை மேலே இருந்து ஓர் அலுவலர் விவரம் கேட்டுக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார், தலைவர்தான் பேசுறேன்."

"தலைவர் ஒரு அம்மான்னு போட்டிருக்கே?"

"அவங்களுக்காகத்தான் சார் பேசுறேன்."

இவரை ஒரேயடியாக ஏசிவிடவும் முடியாது. பள்ளிக்குப் பின்னால் கருவேலம் மண்டிப் பாம்பு வந்தபோது, ஒரே போனில் ஜேசிபி கொண்டுவந்து சுத்தம் செய்தவர் இவர்தான். விளையாட்டுத் திடலுக்கு மேலே மின்கம்பி தொங்கியபோது மனு மேல் மனு எழுதிச் சலித்த தலைமையாசிரியை இவரிடம்தான் சொன்னார். மறுநாள் லைன்மேன் கம்பத்தில் இருந்தார். ராத்திரியில் வராந்தாவில் பாட்டிலோடு உட்காருகிற கோஷ்டியும் புல்லட் சத்தம் கேட்டால்தான் கலையும். ஆகவே தலைமையாசிரியை அவருக்குத் தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகவே போடச் சொல்வார். அதிகாரம் அவருக்கு இல்லை என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அதைச் சொன்னது வங்கிக் காசோலை.

குழுவின் கணக்கில் பணம் எடுக்கத் தலைமையாசிரியரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மேடைப் பேச்சு, செல்போன், விசிட்டிங் கார்டு எல்லாம் வீட்டுக்காரர் வசம் இருந்தாலும், கையெழுத்து மட்டும் சமையலறையில் இருந்தது. தீர்மானப் புத்தகத்தையும் காசோலையையும் கொண்டுபோய், "இங்க ஒண்ணு போடு" என்று விரல் வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். எட்டாவது வரை படித்தவர். மகளிர் சுயஉதவிக் குழுவில் வருஷக்கணக்காக வரவு செலவு எழுதுபவர். வங்கி மேலாளருக்கு ஊரில் முகம் தெரிந்த மூன்று பேரில் அவர் ஒருவர். இதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியும். நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

"ஏங்க, வளைவுன்னு இருக்கு. தாழ்ப்பாள எங்க காணோம்?"

"அது சின்ன விஷயம்."

"அப்ப சின்னதா ஒரு வரி எழுதிட்டு வாங்க. போடுறேன்."

அவர் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அரை மணியில் திரும்பி வந்தார். அந்த அம்மாள் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை, சட்டமும் பேசவில்லை. மறுநாள் கூடிய சிறப்புக் கூட்டத்தில் வளைவு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள், இரண்டு வாளி, இரண்டு குவளை, குழாய் ரிப்பேர் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்காரர் இதனால் தளர்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அன்று மாலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தாழ்ப்பாளின் ஒரு முனையை இவரும் மறுமுனையைத் தலைமையாசிரியையும் பிடித்திருக்க, நடுவில் வார்டு உறுப்பினர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். எல்லோர் தோளிலும் பொன்னாடை. ஒரு பொன்னாடையின் விலையில் இரண்டு தாழ்ப்பாள் வாங்கியிருக்கலாம். 'பெண் குழந்தைகளின் பாதுகாப்பில் என்றும் உங்களுடன்' என்று கீழே வாசகம். கும்பிடு போட்ட கைகள் இருபத்திரண்டு வந்தன. படத்தில் தலைவி இல்லை. அந்த நேரத்தில் அவர் தச்சரோடு கழிப்பறையில் நின்று, தாழ்ப்பாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குழுக்களின் பதவிக்காலம் இரண்டு ஆண்டு. அது முடிந்ததும் குழு மறுபடி அமையும். உங்கள் வீட்டு அம்மாள் பெயர் அதில் வந்தால் கூட்டத்துக்கு அவரையே அனுப்புங்கள். அந்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் வீட்டில் இருந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எந்த வகுப்புக் கணக்கு என்பதைப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லும்.