காற்றுப் பார்க்கிறவர்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், இறங்குதுறைக்கோ வாசிகசாலைக்கோ அண்மையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலை நோக்கி நிற்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். கடற்றொழிலாளியா, கமக்காரரா, கொழும்பில் கடை நடத்தி ஓய்ந்தவரா என்று தோற்றத்தைக் கொண்டு துணிவது கடினம். மூன்றையும் சிறிது சிறிது காலம் செய்து, இறுதியில் காற்றுப் பார்ப்பதையே நிரந்தரத் தொழிலாக ஏற்றுக்கொண்டவர் என்று கொள்வதே பொருத்தம்.

தீவகத்தார் காற்றைத் திசையால் வகுத்து, வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்றும், மேற்குக் காற்றைக் கச்சான் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும் வழங்குவர். எனினும் ஆண்டைப் பங்கிட்டு ஆள்பவை, வைகாசியை ஒட்டித் தொடங்கும் சோளகமும் ஐப்பசிக்குப் பின் வலுக்கும் வாடையுமே. இவ்வறிவை மற்றவர்கள் தொழில் செய்வதற்குப் பயன்படுத்த, காற்றுப் பார்க்கிறவர் தொழில் செய்யாதிருப்பதற்குப் பயன்படுத்துகிறார். வாடைக் காலத்தில் வேற்றூர்க் கடற்றொழிலாளர் நெடுந்தீவுக்கு வந்து, வாடி எனப்படும் ஓலைக் கொட்டில் அமைத்துத் தங்கித் தொழில் செய்வதைச் செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ என்று நாவலாகவே எழுதினார்; 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதே வாடைதான் இவருக்கு மூட்டுவலியைக் கொண்டுவருகிறது.

சோளகம் பெயர்ந்தால் கடல் கடுமை என்பது உண்மையே. அப்படியானால் வேலியையாவது அடைக்கலாமே, அதாவது உக்கிய பனையோலையைக் களைந்து புதிய ஓலையை வரிந்து கட்டலாமே என்று வீட்டுக்காரி கேட்டால், “இந்தக் காத்துக்கு ஓலை நிக்குமே?” என்று அவர் திருப்பிக் கேட்பார். நெடுந்தீவில் இந்தச் சாட்டு செல்லாது. அங்குள்ள வேலிகள் பெரும்பாலும் பவளக்கற்களை அடுக்கி எழுப்பியவையாதலால், அவ்வூர்க் காற்றுப் பார்க்கிறவர் வேறு சாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தும் விடுகிறார். மானாவாரி நெல்லை மழைக்கு முன் புழுதியில் விதைக்கும் காலத்தில் “முதல் மழை விழட்டும், பாப்பம்” என்பவர், மழை விழுந்த மறுநாள் ஈரம் கூடிவிட்டதென்று கவலைப்படுவார்.

கார்த்திகை அடைமழையில் அவருடைய உழைப்பு முழுவதும் வாசிகசாலைத் திண்ணைக்கு இடம்பெயர்கிறது. அங்கே நடப்பது முந்நூற்றுநாலு எனும் சீட்டாட்டம். ஜாக் சீட்டுக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று தொடங்கி ஓரினத்துக்கு 76 புள்ளியாக, நான்கு இனத்துக்கும் 304 வருவதால் அப்பெயர் பெற்றது. கவிழ்த்து வைத்த துருப்பைக் காக்கும்போது அவர் காட்டும் விழிப்பில் பாதியைச் செலவிட்டிருந்தால், வீட்டில் இரண்டு ஆண்டுகளாகக் கிடக்கும் வலையைப் பொத்தி முடித்திருக்கலாம்; ஆனால் அதற்கு வெயில் வேண்டுமாம்.

இவருக்கு நேரெதிரானவர், ஆனி மாதத்தை ஒட்டி வரும் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு இரண்டு கிழமை விடுப்பில் வெளிநாட்டிலிருந்து வருபவர். தேரும் தீர்த்தமும் கடற்குளிப்பும், மீனும் நண்டும் ஒடியல்மாவும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியற்கூழும் அவருடைய தொலைபேசியில் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஓய்வெடுக்கும் பதற்றத்தில் அவருக்கு உறக்கம் வராது. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் அவர் மூச்சிரைக்க, “அண்ணை, போட் எத்தினை மணிக்கு?” என்று கேட்க, காற்றுப் பார்க்கிறவர் தென்மேற்கை நோக்கியவாறே, “காத்து விட்டால் போகும் தம்பி, அவசரப்படாதையும்” என்று விடையளிப்பார். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுகள் நிறுத்தப்படுவது வழக்கமாதலால், இவ்விடயத்தில் அந்தத் தொலைபேசியைவிட அவரே நம்பத்தக்கவர்.

அவரைச் சோம்பேறி என்று தீர்த்துவிடுவதும் நியாயமன்று. தை மாசியில், முளைக்கவிட்ட பனங்கொட்டைப் பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுத்து, கீறி உலர்த்தி ஒடியலாக்கும் நாட்கள் வரும்போது, விடியுமுன்னே அலவாங்கோடு புறப்படுபவரும் இவர்தான். கூழுக்கு மா வேண்டும் என்ற கவலை மூட்டுவலியை வென்றுவிடுகிறது. ஆகவே சோளகத்தில் நயினாதீவு போக எண்ணுபவர் இவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கிழங்கு நாட்களில் போகிறவர் இவரைத் துறையில் தேட வேண்டாம்.