கொட்டகலையில் கொதிக்கும் வேன்

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில், கொட்டகலைப் பக்கம் ஒரு வேன் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றால் போதும். தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்கள் எல்லாரும் வைத்தியர்களாகிவிடுவார்கள்.

முதல் வைத்தியம், தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசுவது. "இந்தக் குளிருக்கு அது எதுக்குண்ணே?" அந்தக் குளிருக்குத்தான் அது! இல்லாவிட்டால் என்ஜின் சூடேறவே நேரமாகும், டீசலும் கூடப் போகும். கூலண்ட் ஒழுகினால், அது என்னவோ ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது பீலித் தண்ணீரை ஊற்றுவது. மலையில் வெறும் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையே போதும். அதை அடக்கி வைப்பது ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம். ஆனால் ரப்பர் வெடித்த மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. மலிவான குற்றவாளிக்கு மரியாதை கிடையாது.

கீழே ஒரு சொட்டுகூட இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறதா? ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வைக்கலாம். ஒயில் மூடிக்கடியில் பால்தேநீர் நிறத்தில் படிவதும் ஓர் அறிகுறிதான். ஆனால் குளிரில் குறுந்தூரமே ஓடும் வண்டியிலும் அது படியும் என்பதால், கராஜ் பாஸ் உடனே ஹெட்டைக் கழற்றப் புறப்பட்டால் கொஞ்சம் தடுப்பது நல்லது.

இதற்கிடையில் பம்பரில் எலுமிச்சம்பழத்தை மாற்ற மட்டும் யாரும் மறப்பதில்லை.